கடை வெளிச்சத்தில் நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: கடையின் நிற அட்டையில் பார்த்து இளமஞ்சள் பெயின்ட் வாங்கினோம். அடித்து முடித்த பின் அறையே மாம்பழக் கூழ் போல் இருக்கிறது. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

ப: கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். விரலகல அட்டையில் வெளிறித் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறினால் அடர்ந்துவிடும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் சாயலை மற்றொன்றின் மேல் வீசும். மஞ்சளிலும் ரோஸிலும் இது அதிகம். மனத்துக்குப் பிடித்ததைவிட ஓரிரு படி வெளிறியதை எடுங்கள்.

அதையும் நேரே சுவரில் ஏற்ற வேண்டாம். சின்ன டப்பா ஒன்று வாங்கி, 2 அடிக்கு 2 அடி சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். காலையில் ஒரு சுவர், மாலையில் மேற்கு ஜன்னல் ஓரம், இரவில் விளக்கடி என்று இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். 6500 கெல்வின் (விளக்கொளியின் சாயலைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்இடியில் சோகை பிடித்ததுபோல் தெரியும் சந்தன நிறம், 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் உயிர் பெற்றுவிடும். "சுவரை விடுங்கள், பல்பை மாற்றுங்கள்" என்று இரண்டு வீடுகளில் சொல்லியிருக்கிறேன். பெயின்டர்களுக்கு என் மேல் கோபம்.

கே: எங்களுடையது நாற்பது வருட வீடு. ஹாலுக்குப் பளபளப்பான பெயின்ட் அடிக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பளபளப்பு சுவரின் மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். இரவில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடியுங்கள். சுவரைச் சமப்படுத்தப் பட்டி பார்த்த தகட்டின் கோடுகள் நிழலாக எழுந்தால், உங்களுக்கு மேட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட்தான். ஆனால் மேட் சுவரில் கை அழுக்கைத் துணியால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். ஆகவே குழந்தைகள் கை வைக்கும் நடைவழிக்கும் சமையலறைக்கும் லேசாக மினுங்கும் சாட்டின். கூரைக்கு எப்போதும் மேட்.

கே: அடிச்சுவரில் உப்பு பூத்து இரண்டு முறை உரிந்துவிட்டது. எந்த பெயின்ட் நிற்கும்?

ப: எதுவும் நிற்காது. ஒரு பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்துகள் கட்டினால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறும் ஈரமா என்று பார்த்துச் சரிசெய்து, சுவர் உலர்ந்த பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

கே: சுண்ணாம்பு அடித்த சுவர் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடிக்கலாமா?

ப: உள்ளங்கையால் தடவுங்கள். கையில் மாவு ஒட்டினால் சுரண்டிவிட்டு முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடியுங்கள்.

கே: 10க்கு 12 அறைக்கு எத்தனை லிட்டர்?

ப: சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி; கதவு ஜன்னல் கழித்தால் ஏறக்குறைய 380 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்தால் ஆறரை லிட்டர். இரண்டு டப்பாவாக வாங்கினால் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். இல்லையென்றால் பாதிச் சுவரில் சாயல் மாறி நிற்கும். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆணி பிடுங்கிய ஓட்டைகளுக்கு வேண்டியிருக்கும்.