தோலுக்கடியில் கட்டி, விடாத காய்ச்சல்: மறுபடியும் சதை எடுக்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 26 வயது, பீடி சுற்றுகிறாள். எட்டு மாதமாகத் தொடையிலும் கைகளிலும் தோலுக்கடியில் கட்டிகள் வந்து போகின்றன. சுளகை மடியில் வைக்க முடியாத வலி, மாலையில் காய்ச்சல், உடம்பும் மெலிந்துவிட்டது. முதலில் காசநோய் என்றார்கள், பிறகு லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் அமுங்கும் கட்டி, அளவைக் குறைத்ததும் திரும்புகிறது. சதை எடுத்துப் பார்த்தபோது 'அழற்சி' என்றே அறிக்கை வந்தது. இப்போது பாளையங்கோட்டை மருத்துவர் ஒருவர், அபூர்வமான புற்றுநோயாகவும் இருக்கலாம், மறுபடியும் சதை எடுக்க வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.
- வாசகி, முக்கூடல்

பதில்: சகோதரி, அந்த மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். சதை எடுப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. எடுக்காமல் நாள் கடத்துவதுதான் ஆபத்து.

அவர் சந்தேகிப்பது, தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் தோன்றும் ஒரு வகை டி-செல் லிம்போமாவாக, அதாவது டி-செல் என்ற வெள்ளணுக்களின் புற்றுநோயாக இருக்கலாம். பெரும்பாலும் இளம் வயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகமாக வரும் இந்நோய், லூபஸால் கொழுப்பில் உண்டாகும் அழற்சியை அப்படியே ஒத்திருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஆகவே லூபஸுக்காகப் பார்க்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதாலேயே லிம்போமா இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. இந்நோயாளிகள் பலருக்கு, டி-செல்களுக்குக் கடிவாளமாக இருக்கும் 'டிம்-3' என்ற புரதத்தின் மரபணுவில் பிறவியிலேயே பழுது இருப்பது 2018-இல் தெரியவந்தது. கடிவாளம் தளர்ந்த அணுக்கள் அழற்சியையும் கிளப்பிவிடுவதால், ஸ்டீராய்டுக்குக் கட்டி அமுங்குவதை மட்டும் வைத்து இது புற்றுநோய் அல்ல என்று சொல்ல இயலாது.

முதல் பரிசோதனையில் தெரியாமல் போனதற்குப் பெரும்பாலும் மேலோட்டமாக எடுத்த சதையே காரணமாக இருக்கும். புதிதாக எழும்பிய கட்டியிலிருந்து, கொழுப்பும் போதிய அளவு வரும்படி ஆழமாகக் கீறி எடுக்க வேண்டும். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது போதாது. நுண்ணோக்கியில், ஒவ்வொரு கொழுப்பணுவையும் சுற்றி மாலை கோத்ததுபோல் டி-செல்கள் நிற்கின்றனவா, அவை சிடி8 என்ற கொல்லும் டி-செல் வகையா, வேகமாகப் பெருகுகின்றனவா, ஒரே அணுவின் வழிவந்தவையா என்று பார்ப்பார்கள். காசநோய்ச் சந்தேகம் இன்னும் தீரவில்லையென்றால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்காக ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் உப்புநீரில் தனியே அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும்.

பழைய சதையையும் வீணென்று விட்டுவிடாதீர்கள். அதைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் (பிளாக்) நுண்ணோக்கியில் பார்த்த கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, லிம்போமா பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவரிடம் மறுபார்வைக்குக் கொடுக்கலாம். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அந்த அனுபவம் உண்டு. நம்மூர் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மட்டும் அந்த மெழுகை விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு சதையிலுள்ள அடையாளத்தை மறைக்கக்கூடும் என்பதால், அளவைக் கூட்டுவதற்கு முன்பே சதை எடுப்பது நல்லது. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

பெயரைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இந்நோயாளிகளில் 82 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளைக் கடந்தனர். பலருக்கு ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளே போதுமானவையாக இருக்கின்றன. ஆனால் தற்காப்பு அணுக்கள் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும் சிக்கல் சேர்ந்தவர்களில் அந்த அளவு 46 சதவீதமாகக் குறைந்தது. எனவே காய்ச்சல் இறங்காமல் ஏறினாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்று, ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) அளவையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.