நாணலைக் குளிர்காலத்தில் ஏன் அறுக்கிறார்கள்?

குளிர்நாடுகளின் பறவைக் காப்பிடங்களில் தன்னார்வலர்கள் ஆண்டுக்கு ஒரு பகுதியாக நாணலை மாற்றி மாற்றி அறுப்பதைத்தான் சுழற்சி அறுப்பு என்கிறோம். அப்படியே விட்டால் காய்ந்த தட்டைகள் விழுந்து மட்கி, தூர் வாராத கிணறு மாதிரி சதுப்பு மேடாகும். பிறகு புதர் மண்டும். மீன் தேடும் குருகுக்கு இடமிருக்காது.

குளிர்காலத்தில் கூடோ குஞ்சோ இல்லை. நாணலின் சத்தும் வேர்த்தண்டுக்கு இறங்கியிருக்கும். கோடையில் அறுத்தால் நாணலே நலிந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில். அறுத்தபின் மிஞ்சும் அடித்தட்டை நீருக்கு மேலே நிற்க வேண்டும். காய்ந்த தட்டை வழியாகவும் வேர்த்தண்டுக்குக் காற்று போகிறது, மூழ்கினால் புதுத்துளிர் பட்டுப்போகலாம். அறுத்ததை வாரி அப்புறப்படுத்தாவிட்டால் பாடுபட்டதே வீண்.

அறுத்தால் பறவைகள் ஒதுங்க இடமிராது என்பது தவறான எண்ணம்: ஒரு பங்கை மட்டுமே தொடுகிறோம், மீதி நாணல் அப்படியே நிற்கிறது.