கேளுங்கள், சொல்கிறோம்: மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லுமா?

கேள்வி: அப்பா போன பிறகு, வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி அண்ணன் நச்சரித்துக்கொண்டே இருந்தார். மறுத்ததும், "நீ கையெழுத்துப் போடலைன்னா தூக்குல தொங்கிடுவேன்" என்று அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். பயந்துபோய் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சார்பதிவாளர் "சம்மதம்தானே?" என்று கேட்டபோதும் தலையாட்டினேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
- வாசகி, மதுரை

பதில்: முடியும், ஆனால் தாமதிக்காதீர்கள். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக மிரட்டல் சம்மதமாகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 15-வது பிரிவுப்படி, தண்டனைச் சட்டம் தடை செய்த செயலைச் செய்வதாக மிரட்டியோ, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொண்டோ ஒருவரைச் சம்மதிக்க வைத்தால் அது வற்புறுத்தல். உங்கள் கதையைப் போலவே ஒன்று நூறு வருஷத்துக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது: தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் தன் சகோதரர் பெயருக்கு விடுதலைப் பத்திரம் வாங்கினார் ஒருவர். (சிக்கம் அம்மிராஜு வழக்கு என்றால் வக்கீல்களுக்குத் தெரியும்.) அது வற்புறுத்தல்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தற்கொலை முயற்சி அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவின்படி குற்றம் என்பதும் அந்தத் தீர்ப்புக்கு ஓர் அடிப்படை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இல்லை, அதனால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவில் வரும் 'தகாத செல்வாக்கு' (உறவையோ அதிகாரத்தையோ வைத்து ஒருவர் மனதை வளைப்பது) என்ற வாதத்தையும் சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள்.

அதே சட்டத்தின் 19-வது பிரிவின்படி இந்தப் பத்திரம் தானாகச் செல்லாமல் போகாது, நீங்கள்தான் சிவில் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். கெடு 3 ஆண்டுகள். அதற்குள் அண்ணன் விவரம் தெரியாத யாருக்காவது விற்றுவிட்டால் மீட்பது பெரும்பாடு. மிரட்டலை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே: அன்று வீட்டில் இருந்தவர்கள் யார், வாட்ஸ்அப்பில் ஏதாவது வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதா, பாருங்கள், எதையும் அழிக்க வேண்டாம். "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று மட்டும் சொல்லியிருந்தால் வற்புறுத்தல் வழக்கு நிற்காது, மனசு எவ்வளவு நொந்திருந்தாலும் சரி. அப்புறம், அண்ணன் நிஜமாகவே அந்த மனநிலையில் இருந்தால் அவருக்கு வேண்டியது மருத்துவர், உங்கள் கையெழுத்து அல்ல.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் "10" + 5 போட்டால் 105 வருகிறது, "10" - 5 போட்டால் ஒழுங்காக 5 வருகிறது. ஒரு வகை மதிப்பு தானாக இன்னொரு வகையாக மாறும் இதை டைப் கோயர்ஷன் (கோயர்ஷன் என்றால் வற்புறுத்தல்) என்கிறார்கள். யார் யாரைக் கட்டாயப்படுத்துகிறார்கள்?
- மாணவர், கோவை

பதில்: மொழி உங்கள் மதிப்பைக் கட்டாயப்படுத்துகிறது, அதுவும் கேட்காமலே! கூட்டல் குறிக்கு அங்கே எழுத்துகளை ஒட்டும் வேலையும் உண்டு, ஒரு பக்கம் ஸ்ட்ரிங் (மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) இருந்தால் 5-ஐயும் ஸ்ட்ரிங்காக்கி ஒட்டிவிடும். கழித்தலுக்கு அந்த வேலை இல்லை, எனவே "10" எண்ணாகிறது. பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழி இரண்டுக்குமே டைப் எரர் (வகை பொருந்தவில்லை என்ற பிழை) காட்டி நின்றுவிடும், எனக்கு அதுதான் பிடிக்கும். இன்புட் பெட்டியில் தட்டியதை நீங்கள் வேல்யூ வழியாக எடுத்தால் எப்போதும் ஸ்ட்ரிங்காகத்தான் கிடைக்கும், ஆகவே கூட்டுவதற்கு முன் நீங்களே நம்பராக மாற்றிவிடுங்கள்.