வாசகர் கேள்வி பதில்: கண்ணு வெள்ளைப் பந்து மேல இருக்கட்டும்

போன இதழ்ல ஒன்பது பந்து பூல் (குச்சியால வெள்ளைப் பந்தை அடிச்சு, அதை வச்சு நம்பர் போட்ட ஒன்பது பந்தை மேஜை ஓரத்து ஓட்டைங்களுக்குள்ள, அதாவது பாக்கெட்டுக்குள்ள, தள்ளுற ஆட்டம்) உலக சாம்பியன்ஷிப் பத்தி சின்னதா ஒரு பத்தி போட்டிருந்தோம், அதுக்கு வந்த கேள்விங்கள்ல ஆறு மட்டும் எடுத்து பதில் சொல்றேன். எனக்கு ரொம்ப பிடிச்ச ஆட்டம், அதனால சில பதில் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

கேள்வி: ராத்திரி முழிச்சு ஒரு மேட்ச் பாத்தேன். ஒருத்தர் எட்டு பந்தை வரிசையா போட்டார், கடைசி பந்தை கோட்டை விட்டார். அடுத்தவர் எந்திரிச்சு வந்து அந்த ஒண்ணை மட்டும் போட்டுட்டு ஜெயிச்சிட்டார். எட்டு போட்டவருக்கு ஒண்ணுமே கிடையாதா, இது நியாயமா?

ஒண்ணுமே கிடையாதுங்க. ஸ்னூக்கர் மாதிரி பந்துக்கு இத்தனை பாயின்ட்னு இதுல கணக்கு இல்ல, 9ஆம் நம்பர் பந்தை யாரு முறையா உள்ள தள்ளுறாங்களோ அந்த ரேக் (பந்துங்களை அடுக்கி ஆரம்பிச்சு 9 விழுற வரைக்குமான ஒரு ஆட்டம்) அவங்களுது, அவ்வளவுதான். முறையா-ன்னா என்ன அர்த்தம்னா, மேஜை மேல இருக்கிறதுலயே சின்ன நம்பர் பந்தை வெள்ளைப் பந்து முதல்ல தொடணும். 1 இருந்தா 1, அது போயிட்டா 2. ஆனா முதல்ல தொட்டா போதும், அந்த 1 போய் 9ஐ இடிச்சு 9 உள்ள விழுந்துட்டாலும் ரேக் முடிஞ்சுது! அதனாலதான் 9ஆம் நம்பர் பந்து ஏதாவது பாக்கெட் வாயில வந்து நின்னுட்டா ரெண்டு பேருமே சீட் நுனிக்கு வந்துடுவாங்க.

நீங்க எட்டு பந்து போட்டவரை பாத்து பாவம்னு நினைக்கிறீங்க, நான் வேற ஒண்ணு கேக்குறேன், 8ஐ போட்டப்போ அவரோட வெள்ளைப் பந்து எங்க போய் நின்னுச்சுன்னு கவனிச்சீங்களா? பெரும்பாலும் தப்பு அங்கதான் நடந்திருக்கும். பந்தை உள்ள போடுறது இந்த லெவல்ல எல்லாருக்கும் கை வந்த கலை, ஒரு பந்தை போடும்போதே அடுத்த பந்துக்கு வெள்ளை சரியான கோணத்துல போய் நிக்கணும், அதுக்கு அடுத்ததையும் மனசுல வச்சிருக்கணும், அதுதான் ஆட்டமே. வெள்ளையோட நடுவுக்கு கீழ அடிச்சா இடிச்சுட்டு பின்னாடி வரும், மேல அடிச்சா தொடர்ந்து முன்னாடி போகும், பக்கவாட்டுல அடிச்சா குஷன்ல (மேஜையோட ஓரத்து ரப்பர்ல) பட்டு திரும்புற கோணமே மாறிடும். அடுத்த மேட்ச்ல கலர் பந்தை விட்டுட்டு வெள்ளையை மட்டும் பாருங்க, அதே ஆட்டம் வேற மாதிரி தெரியும், நான் அப்படித்தான் இதுல விழுந்தேன்.

கேள்வி: ப்ரேக் (அடுக்கி வச்ச பந்துங்களை சிதறடிக்கிற முதல் அடி) அடிச்ச உடனே அடுத்தவர் ரெஃப்ரிகிட்ட ஏதோ சொல்லிட்டு வெள்ளைப் பந்தை சும்மா மெதுவா உருட்டி விட்டார், எந்த பந்துலயும் படல. ஃபவுல் கொடுக்கல. எதிராளி யோசிச்சிட்டு போய் உக்காந்துட்டார். என்னங்க நடந்துச்சு?

இது பேரு புஷ் அவுட். நல்ல கேள்வி, ஏன்னா ஒன்பது பந்து ஆட்டத்துல மூளை விளையாடுற இடமே இதுதான். ப்ரேக் அடிச்சு பந்துங்க சிதறும்போது சில சமயம் வெள்ளைப் பந்து எங்கயோ மறைஞ்சு போய் நிக்கும், 1 கண்ணுக்கே தெரியாது, அது யாரோட திறமையும் இல்ல தப்பும் இல்ல. அப்போ ப்ரேக்குக்கு அடுத்த ஷாட்ல மட்டும், புஷ் அவுட்னு முன்னாடியே சொல்லிட்டு வெள்ளையை எங்க வேணா தள்ளலாம், எந்த பந்தையும் தொடணும்னு கட்டாயம் இல்ல. ஆனா அதுக்கப்புறம் எதிராளிக்குத்தான் சாய்ஸ், பிடிச்சிருந்தா அவர் ஆடலாம், இல்லன்னா நீயே ஆடுன்னு திருப்பி கொடுத்துடலாம்.

இப்ப யோசிங்க. ரொம்ப ஈசியான இடத்துல வச்சா அவர் ஆடிடுவார், ரொம்ப கஷ்டமா வச்சா உங்க தலையிலயே கட்டிடுவார். ரெண்டுக்கும் நடுவுல, உங்களால முடியும் ஆனா அவருக்கு சந்தேகம் வரும்ங்கிற மாதிரி ஒரு இடம் கண்டுபிடிக்கணும். நீங்க பாத்த ஆள் போய் உக்காந்துட்டார்னா அந்த ஷாட் தனக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிருக்கார். எதிராளி எதை நல்லா ஆடுவான், எதுல தயங்குவான்னு மனப்பாடமா தெரிஞ்சவங்கதான் இதுல ஜெயிக்கிறாங்க.

கேள்வி: ஸ்னூக்கர் மேஜையும் இதுவும் ஒண்ணா?

இல்ல. ஸ்னூக்கர் மேஜை 12 அடி, போட்டி பூல் மேஜை 9 அடி. பூல் பந்து பெருசு, 57 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல, ஸ்னூக்கர் பந்து 52.5. பாக்கெட் வாயோட வடிவமும் வேற.

கேள்வி: முதல் நாளே தோத்துப் போன ஆளு கடைசி கட்டத்துல எப்படி ஆடுறார்? இத்தனை ரேக்னு எப்படி முடிவு பண்றாங்க?

உலக சாம்பியன்ஷிப்ல 128 பேர் வருவாங்க. ஆரம்ப கட்டத்துல ஒரு தடவை தோத்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, தோத்தவங்க பக்கம்னு தனியா ஒரு வரிசை இருக்கு அதுல போய் ஆடணும், அங்கயும் தோத்தாத்தான் வெளிய. இப்படி 64 பேரா குறைஞ்சதும் அதுக்கப்புறம் நேரடி நாக்அவுட், ஒரு தோல்வி, கதை முடிஞ்சுது. நேரம் முடியுற வரைக்கும் ஆடுறதெல்லாம் இல்ல, இத்தனை ரேக்கை யார் முதல்ல தொடுறாங்கங்கிற ஓட்டம்தான், சுற்று ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறும். 2024ல சவுதி அரேபியாவோட ஜெட்டால நடந்த ஃபைனல்ல முதல்ல 15 ரேக்கை தொடணும், 14-14ன்னு வந்து நின்னுச்சு, கடைசி ஒத்த ரேக்ல ஃபெடோர் கோர்ஸ்ட் அல்பேனியாவோட எக்லென்ட் காச்சியை ஜெயிச்சார். ஜெயிச்சவருக்கு 2,50,000 டாலர். அந்த ஒரு ரேக்குக்கு ப்ரேக் போட நிக்கிற கைய நினைச்சுப் பாருங்க, எனக்கு இப்ப எழுதும்போதே உள்ளங்கை வேர்க்குது.

கேள்வி: கோச்சுக்காதீங்க, தெரியாத்தனமா விழுற பந்துக்கும் கணக்கு உண்டுன்னா இது பாதி அதிர்ஷ்டம்தானே?

கோவமெல்லாம் இல்ல. ஒரு ரேக்ல அதிர்ஷ்டம் உண்டு, மறைக்கவே மாட்டேன். அது பிடிக்காதவங்களுக்குன்னே பத்து பந்து ஆட்டம் இருக்கு, அதுல எந்த பந்து எந்த பாக்கெட்னு முன்னாடியே சொல்லிட்டு போடணும். ஆனா ஒரு வாரம் முழுக்க, ஆள் மாத்தி ஆள், நூறு ரேக் பக்கம் ஆடி முடிக்கும்போது அதிர்ஷ்டம் ரெண்டு பக்கமும் சமமாயிடும்ங்கிறது என் அபிப்பிராயம். 2005ல தைவானோட காவ்சியுங்ல வூ ஜியா-சிங்னு ஒரு பையன் 17-16ன்னு ஃபைனலை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனான், வயசு 16. வெறும் அதிர்ஷ்டம் ஒரு பள்ளிக்கூட வயசு பையனை அவ்ளோ தூரம் தூக்கிட்டு போகாதுங்க.

இன்னொண்ணு சொல்றேன். 1995, அமெரிக்காவோட ரீனோ நகரம், உலக சாம்பியன்ஷிப் இல்ல, வேற ஒரு போட்டி, ஃபைனல் 12-12, கடைசி ரேக். ஒரு பக்கம் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், இன்னொரு பக்கம் பிலிப்பைன்ஸோட எஃப்ரன் ரேயஸ். ஸ்ட்ரிக்லண்ட் அருமையா ஒரு சேஃப்டி (பந்தை போடாம, எதிராளிக்கு வழி இல்லாத மாதிரி வைக்கிற ஷாட்) ஆடி 5ஆம் நம்பர் பந்தை மறைச்சிட்டார், நேரா அடிக்க வழியே இல்ல, சும்மா தொட்டாலே பெரிய விஷயம், தொடாம விட்டா ஃபவுல், எதிராளி வெள்ளையை கையில எடுத்து இஷ்டப்பட்ட இடத்துல வச்சுக்குவார். ரேயஸ் குனிஞ்சார், அடிச்சார், வெள்ளை ஒரு குஷன்ல பட்டு, எதிர் குஷன்ல பட்டு, இசட் எழுத்து மாதிரி குறுக்க ஓடி வந்து 5ஐ உள்ள தள்ளுச்சு. அதோட நிக்கல, வெள்ளை 6க்கு ஆட வசதியா வந்து நின்னுச்சு, மீதியையும் போட்டு ஜெயிச்சிட்டார். பாத்தவங்கள்ல சில பேர் இதையும் அதிர்ஷ்டம்னுதான் சொன்னாங்க. குஷன்ல பட்டு திரும்புற கோணத்தை கண்ணாலயே அளக்குற வித்தையை வருஷக்கணக்கா பழகினவர் அவர், மந்திரவாதின்னு பட்டப்பேர் சும்மா வரல. 1999ல கார்டிஃப்ல உலக சாம்பியனும் ஆனார்.

கேள்வி: என் பொண்ணுக்கு பிறந்ததுலேர்ந்தே காது சரியா கேக்காது, மெஷின் போட்டிருக்கா. பூல் ஆட ஆரம்பிச்சு நல்லா வர்றா. போட்டிக்கு பேர் கொடுக்க பயப்படுறா, ரெஃப்ரி சொல்றது கேக்காம போயிட்டா என்ன பண்றதுன்னு. உங்க பதிலை அவகிட்ட காட்டணும்.

அம்மா, இந்த லெட்டரை மூணு தடவை படிச்சேன். உங்க பொண்ணுகிட்ட ஷேன் வான் போனிங் பேரை சொல்லுங்க. அமெரிக்காக்காரர், பிறவியிலேயே காது கேக்குறதுல குறை, அவரும் மெஷின் போட்டவர்தான். 2016ல உலக சாம்பியன்ஷிப் ஃபைனல் வரைக்கும் வந்து ஆஸ்திரியாவோட ஆல்பின் ஊஷன்கிட்ட 13-6ன்னு தோத்தார். அவ்ளோ பெரிய அடிக்கப்புறம் ஆறு வருஷம் கழிச்சு, 2022ல இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ்ல மறுபடியும் ஃபைனல், எதிர்ல அதே ஊஷன், இந்த தடவை 13-6ன்னு வான் போனிங் ஜெயிச்சார். அதே ஸ்கோர், திருப்பி! அப்போ அவருக்கு 38 வயசு.

பயத்துக்கு வழியும் இருக்கு. ஆட்டத்துல வாய் வார்த்தையா வர்றது ரொம்ப கொஞ்சம்தான், புஷ் அவுட் சொல்றது, ஃபவுல் சொல்றது, அப்புறம் தொடர்ந்து ரெண்டு ஃபவுல் ஆயிட்டா எச்சரிக்கை கொடுக்கிறது, ஏன்னா மூணாவதும் ஆனா ரேக்கே போயிடும். இந்த மூணையும் கை சைகையா காட்டச் சொல்லி மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாடியே ரெஃப்ரிகிட்டயும் எதிர்ல ஆடுறவங்ககிட்டயும் அவளே போய் சொல்லட்டும், நீங்க கூட நின்னா போதும். ஷாட் க்ளாக் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரம் காட்டுற கடிகாரம்) வச்ச போட்டின்னா அது கண்ணுக்கு தெரியுற இடத்துல இருக்கான்னும் கேட்டுக்கங்க.

முதல் மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர் எழுதலைனாலும் பரவாயில்ல, ப்ரேக் அடிச்சப்புறம் அவளோட வெள்ளைப் பந்து எங்க நின்னுச்சுன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க, காத்துக்கிட்டு இருப்பேன்.