பீசோ பிக்கப்பின் தகர ஒலிக்கு ‘சோனிக்’ பெட்டி மருந்தா?

கேள்வி: என் அக்கூஸ்டிக் கிட்டாரில் சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் பட்டை) அடியில் பீசோ பிக்கப் (அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் வகை) இருக்கிறது. பேட்டரி, பிரீஆம்ப் எதுவும் கிடையாது. பிக்கப் வயர் நேராக ஜாக்குக்கு வருகிறது. சும்மா வாசித்தால் நிறைவாக ஒலிக்கும் கிட்டார், மிக்ஸரில் செருகியதும் தகரத்தைத் தட்டுவது போல ஆகிவிடுகிறது. சோனிக் மேக்ஸிமைசர் மாதிரி ஒரு பெட்டி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அதை எங்கே செருகுவது? குமிழ்களை எவ்வளவு திருப்புவது?

பதில்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ‘பிரீஆம்ப் கிடையாது’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். பிக்கப்பின் மெல்லிய சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி தயார்செய்யும் சின்ன ஆம்ப் அது. உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது.

பீசோ பிக்கப், மின்சாரக் கணக்கில், ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் பிக்கப் 500 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அது எதில் செருகப்படுகிறதோ அந்த இன்புட்டின் இம்பீடன்ஸோடு (சிக்னலுக்கு அது காட்டும் மின் எதிர்ப்பு) சேர்ந்து, தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஒரு ஃபில்டராக மாறிவிடுகிறது. இன்புட் 10 மெகாஓம் என்றால் வடிகட்டல் 32 ஹெர்ட்ஸ் அருகில்தான் தொடங்கும். கிட்டாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ் என்பதால் எதுவும் இழப்பில்லை. 1 மெகாஓம் என்றால் 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் இளைக்கத் தொடங்கும். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும். அங்கே இந்தக் கணக்கைப் போட்டால் விடை 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. அதாவது காதுக்கு எட்டும் ஒலி முழுவதும் சரிவில் கிடக்கிறது. ஒவ்வொரு ஆக்டேவ் கீழே இறங்கும்போதும் 6 டெசிபெல் போய்விடும். நீங்கள் கேட்கும் தகரம் இதுதான். கிட்டார் மேல் பழியில்லை. பிக்கப் மேலும் அவ்வளவாக இல்லை.

ஆகவே முதல் செலவு, பீசோவுக்கென்றே செய்த பிரீஆம்ப். இன்புட் இம்பீடன்ஸ் 5 முதல் 10 மெகாஓம் வரை இருப்பதாகப் பாருங்கள். கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் சாதாரண பாஸிவ் (மின்சாரம் வேண்டாத) டி.ஐ. பாக்ஸ் போதாது, அதன் இம்பீடன்ஸ் 1 மெகாஓமுக்கும் வெகு கீழே. கேபிளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பலரும் குழம்பும் இடம். மேக்னெட்டிக் பிக்கப்பில் நீளமான கேபிள் ட்ரெபிளைத் தின்னும். பீசோவில் அப்படியில்லை, மொத்த வால்யூமைத்தான் குறைக்கும். ஆனாலும் பிரீஆம்ப் வரைக்கும் குட்டைக் கேபிளே நல்லது, இரைச்சல் குறையும்.

இனி நண்பர் சொன்ன பெட்டிக்கு வருவோம். ஒலியை ‘மெருகேற்றும்’ கருவிகளில் இரண்டு வம்சங்கள் உண்டு. ஒன்று எக்ஸைட்டர். 1970களில் வந்த ஏஃபெக்ஸ் ஆரல் எக்ஸைட்டர் இதன் மூத்த பிள்ளை. ஆரம்பத்தில் அதை விற்கக்கூட இல்லை, ஸ்டுடியோக்களுக்கு வாடகைக்குத்தான் விட்டார்கள். மேல் ஒலிகளைத் தனியே பிரித்து, அவற்றிலிருந்து புதிய ஹார்மோனிக்குகளை (மூல ஒலியின் மடங்குகளான மேல் ஒலிகள்) உருவாக்கி, மூல ஒலியோடு துளி கலக்கும். இன்னொன்று பிபிஇ சோனிக் மேக்ஸிமைசர் வகை. ஒலியைத் தாழ்ந்தது, நடு, உச்சம் என்று பிரித்து, தாழ்ந்ததைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, உச்சத்தை முன்னால் விடும். கூடவே உச்சத்தைக் கொஞ்சம் தூக்கும். ‘லோ கான்டூர்’ குமிழ் அடியைத் தூக்கும், ‘ப்ராசஸ்’ குமிழ் மேலைத் தூக்கும்.

இரண்டுமே உள்ளே வருவதை வைத்துத்தான் வேலை செய்யும். சேடிலுக்கு அடியில் இருக்கும் பீசோவோ, கம்பி சேடிலை அழுத்தும் விசையைத்தான் பிடிக்கிறது. மேல்பலகை அசைத்த காற்றை, துளையிலிருந்து வரும் மூச்சை, அது அநேகமாகக் கேட்பதே இல்லை. அதனால் பிக் படும் ‘டிக்’ தூக்கலாக வரும். அழுத்தி ஸ்ட்ரம் செய்தால், கிட்டார்காரர்கள் ‘குவாக்’ என்று சொல்லும் வாத்துக் குரல் எழும். அதன்மேல் எக்ஸைட்டரைப் போடுவது, ஏற்கெனவே கத்துகிறவர் கையில் மைக்கையும் கொடுத்த கதை.

இந்தப் பெட்டிகள் வீண் என்று சொல்லவில்லை. துளையில் மாட்டும் மேக்னெட்டிக் பிக்கப்புக்கும், பிரிட்ஜுக்கு அடியில் உள்பக்கமாக ஒட்டும் கான்டாக்ட் பிக்கப்புக்கும் ஒலி கொஞ்சம் மந்தமாக, நடு ஒலி மிகுந்து வரும். அங்கே ஒரு சிட்டிகை எக்ஸைட்டர் அழகாக வேலை செய்யும். உங்களுடையது அந்த வகை இல்லை.

உங்களுக்கு உதவுவது வெட்டுவதுதான். பிரீஆம்ப் வந்ததும் ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் போட்டுவிடுங்கள். பிறகு 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு பட்டையைத் தூக்கிவைத்து மெதுவாக நகர்த்துங்கள். எங்கே அந்த வாத்து உரக்கக் கத்துகிறதோ அங்கே நிறுத்தி, 3 முதல் 5 டெசிபெல் இறக்குங்கள். ‘பளபளப்பு’ வேண்டுமென்று பெட்டி தேடுகிறவர்களில் பாதிப்பேர், இந்த ஒரு வெட்டுக்குப் பிறகு தேடுவதை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் உடம்பில்லாமல் ஒலித்தால், எக்ஸைட்டருக்குக் கொடுக்கும் பணத்தை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஒரு கிட்டார் ஒலிக்கும் விதத்தின் பதிவு) வகைப் பெடலுக்குக் கொடுங்கள். ஃபிஷ்மேன் ஆரா, ஸ்டுடியோ மைக்கில் பிடித்த கிட்டார் ஒலியின் சாயலைப் பிக்கப் ஒலியோடு கலக்கும். எல்.ஆர். பேக்ஸ் வாய்ஸ்பிரிண்ட், உங்கள் கிட்டாரையே ஃபோன் வழியாக அளந்து அதற்கென ஒரு சாயல் செய்துகொள்ளும். பீசோ கேட்காமல் விட்டதை வெளியிலிருந்து கொண்டுவரும் வழி இதுதான். முழுதாகத் திறக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி ஏற்றுங்கள். உடம்பு திரும்பி வரும்போது ஃபீட்பேக்கும் (ஸ்பீக்கர் ஒலி மறுபடி கிட்டாருக்குள் புகுந்து எழும் ஊளை) கூடவே வரும். டிரெட்நாட் என்ற பெரிய உடல் வடிவக் கிட்டாரின் உள்காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிரும், மேல்பலகை 200 ஹெர்ட்ஸ் பக்கம். ஊளையிடும்போது, குறுகிய ஓரிடத்தை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரோடு முதலில் தேட வேண்டிய இரண்டு இடங்கள் இவை.

இத்தனைக்கும் பிறகு நண்பரின் பெட்டியையும் ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசை இருந்தால், பிரீஆம்ப், ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாம் முடிந்த பிறகு, ரிவர்புக்கு முன்னால் அதைச் செருகுங்கள். ரேக் (அலமாரியில் மாட்டும்) வகைப் பெட்டிகள் லைன் லெவலை, அதாவது பிரீஆம்ப் தாண்டி வலுவான சிக்னலை, எதிர்பார்ப்பவை. பிக்கப்பை நேரே அதில் செருகினால் மிக்ஸரில் நடந்த அதே கூத்து அங்கேயும் நடக்கும். இரண்டு குமிழையும் பூஜ்யத்தில் வைத்து, வித்தியாசம் தெரியத் தொடங்கும் இடம் வரை ‘ப்ராசஸை’ ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். ‘லோ கான்டூரை’த் தொடவே வேண்டாம், அது தூக்கும் இடமும் ஃபீட்பேக் பிறக்கும் இடமும் பக்கத்து வீடுகள். பெட்டி பைபாஸில் (ஒலி அதைத் தொடாமல் நேரே போகும் நிலை) இருந்தாலும் ஆனில் இருந்தாலும் வால்யூம் ஒரே அளவாக இருக்கும்படி செய்துவிட்டே ஒப்பிடுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதைக் காது எப்போதும் ‘நல்லது’ என்றுதான் சொல்லும்.

அமைப்பதை வீட்டில் செய்து முடித்துவிடாதீர்கள். வால்யூம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடியும் உச்சியும் மங்கலாகவே கேட்கும். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். அறையில் இனிக்கும் அமைப்பு மேடை வால்யூமில் காதைக் கிழிக்கும். நானே ஒருமுறை இரவெல்லாம் ஹெட்ஃபோனில் அமைத்துக்கொண்டு போய், முதல் ஸ்ட்ரம்மிலேயே முன்வரிசை முகம் சுளிப்பதைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டுக்குள் பைபாஸை அழுத்திவிட்டேன்.

பின்னாளில் கிட்டாருக்குள் ஒரு மைக்கும் சேர்ப்பதாக இருந்தால், பெட்டியைப் பீசோ வழியில் மட்டும் போடாதீர்கள். ஒரு வழி மட்டும் 1 மில்லிசெகண்ட் தாமதமானாலே, சமமாகக் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸில் குழி விழும், 1500இல் மறுபடி ஒன்று. அப்போது இரண்டையும் கலந்த பிறகே பெட்டி.

சோதனைகளைப் புதுக் கம்பிகளோடு செய்யுங்கள். செத்த கம்பிக்காக ஏற்றிய ட்ரெபிளை, கம்பி மாற்றிய அன்று இறக்க மறந்துவிடுவோம்.