ஒரு சொம்புத் தண்ணீர் போதும்: டென்ட் போடுகிறவர்களின் சுத்தக் கேள்விகள்

கொல்லிமலை, பர்கூர், வால்பாறை என்று டென்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் குளியலையும் கக்கூஸையும் பற்றித்தான். கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில்.

பர்கூர் மலையில் நண்பர் தோட்டத்தில் இரண்டு ராத்திரி தங்கப் போறோம். தண்ணி சுமந்துதான் போகணும். குளிக்காம எப்படிங்க அக்கா இருக்கிறது? (அந்தியூர்)

தோட்டத்தில் தங்குவது நல்லது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி தங்கக் கூடாது.

குளிக்க வேண்டாம், துடைத்தால் போதும். ஆளுக்கு அரை லிட்டர் தாராளம். டர்க்கி டவலை வீட்டிலேயே வையுங்கள். மலைக்குளிரில் அது காயவே காயாது, மறுநாளே நாற ஆரம்பித்துவிடும். மெல்லிய ஈரிழைத் துண்டு ஒன்றை இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள்; ஒன்று நனைக்க, ஒன்று ஒத்தி எடுக்க. தண்ணீர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் நாலு துளை போட்டால், அழுத்தும்போது வேண்டிய அளவுதான் வரும்.

துடைக்கிற வரிசை முக்கியம். முகம், காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள். அப்புறம் துணியின் வேறு முனையால் தொடை இடுக்கு. கடைசியாகத்தான் பாதம், விரல் இடுக்கு. சோப்பு அக்குளுக்கும் இடுக்குக்கும் மட்டும், அதுவும் லேசாக. குறைந்த தண்ணீரில் சோப்பு முழுசாகப் போகாது, தங்கிவிட்டால் அரிக்கும்.

இதையெல்லாம் வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு, தூங்குவதற்கென்றே தனியாக வைத்த உலர்ந்த துணியைப் போடுங்கள். பகலில் வியர்த்த பனியனோடு படுக்கிற பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. படர்தாமரைக்கு ஈரமும் சூடும் போதும், பெரிய அழுக்கு தேவையில்லை. தண்ணீர் ரொம்பக் குறைவு என்றால் குளியலை விடுங்கள். கை கழுவவும் உள்ளாடை மாற்றவும் மட்டும் தவறாதீர்கள்.

ஓடை இருக்கிற இடத்தில் மூலிகை சோப்பு போட்டுக் குளிக்கலாமா? மக்கிப் போகிறதுதானே? (சத்தியமங்கலம்)

வேண்டாங்க. 'மக்கும்' என்று போட்டிருந்தாலும் மக்க வைப்பது மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள். ஓடைத் தண்ணீரில் நேரே கலந்தால் மீனுக்கும் தவளைக்கும் கேடுதான். அரப்பும் சீயக்காயும் இயற்கைதானே என்று கேட்பீர்கள். அவற்றில் நுரை தருவது சப்போனின். மீனின் செவுளுக்கு அது ஆகாது. ஒரு குடத்தில் மொண்டுகொண்டு கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய்க் குளியுங்கள், நுரைத் தண்ணீரை மண் குடிக்கட்டும். கீழே அதே ஓடையில் ஆடுமாடு குடிக்கிறது, ஊர் சனம் மொள்ளுகிறது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வராது.

வெளிக்குப் போக என்ன ஏற்பாடு? சானிடைசரும் வெட் வைப்ஸும் போதுமா? (திருப்பூர்)

ஒரு களைக்கொத்து எடுத்துப் போங்கள். ஓடை, கிணறு, தடம் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி. மேல்மண்ணில்தான் நுண்ணுயிர் அதிகம், சீக்கிரம் மக்கும். ரொம்ப ஆழமாகத் தோண்டினால் மக்கத் தாமதமாகும். முடிந்ததும் மண்ணை மூடி மிதித்து விடுங்கள்.

கழுவத் தண்ணீர் இருக்கும்போது வைப்ஸ் எதற்கு? பலதில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, புதைத்தாலும் மக்காது. கொண்டு போனால் திரும்பக் கொண்டு வாருங்கள்.

சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். இருந்தாலும் அழுக்கும் பிசுக்கும் உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது. வயிற்றுப்போக்கு தரும் சில வைரஸ்களும் அதற்கு அசையாது. வெளிக்குப் போய் வந்த பிறகும் சமைக்கும் முன்பும் சோப்புதான், 20 விநாடி தேய்த்து. ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவினால் ஒரு டம்ளர் தண்ணீரில் முடிந்துவிடும்.

எண்ணெய் பிடித்த ஏனம் எப்படி விளக்குவது? (நாமக்கல்)

ஆறிய விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும். சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெயைப் பிடித்து எடுத்துவிடும். சோற்றுப் பருக்கையை மட்டும் முதலிலேயே வழித்துப் பையில் கட்டிவிடுங்கள். டென்ட் பக்கம் கொட்டினால் ராத்திரி பன்றி வரும்.

கேம்ப் தேதியும் பீரியட்ஸ் தேதியும் ஒண்ணா வருது அக்கா. போகாம இருந்திடவா? (கரூர், கல்லூரி மாணவி)

தாராளமாகப் போ கண்ணு. நாப்கின் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றியதைக் காகிதத்தில் சுற்றி, ஜிப் கவருக்குள் போட்டு ஊருக்கே கொண்டு வந்துவிடு. அதில் பிளாஸ்டிக் இருப்பதால் புதைக்கவும் எரிக்கவும் கூடாது. மென்ஸ்ட்ருவல் கப் 12 மணி நேரம் வரை தாங்கும். ஆனால் முதல்முறையாகக் காட்டில் போய்ப் பழகாதே, ஒன்றிரண்டு மாதம் வீட்டில் பழகிவிட்டுப் போ. கப்பைத் தொடும் முன் கை சோப்பு போட்டுக் கழுவியிருக்க வேண்டும். துணி பயன்படுத்துகிறவர்களுக்கு வெயில் வேண்டும். சரியாகக் காயாத துணியை வைக்கவே கூடாது.

இன்னொன்று. ஒதுங்க இடம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிற பிள்ளைகள் நிறைய. சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. ஒரு வேட்டியும் நாலு குச்சியும் இருந்தால் மறைப்பு கட்டிவிடலாம். அந்த வேலையைக் கூட வருகிற பையன்களிடம் சொல்லு, செய்யட்டும்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறோம். தொடை உரசிப் புண்ணாகுது. (தாராபுரம்)

வியர்வை காய்ந்து தங்குகிற உப்புதான் அறுக்கிறது. தங்குகிற இடத்தில் வெறும் தண்ணீரில் கழுவி, ஒத்தி, காற்றாட விடுங்கள். காலையில் கிளம்பும் முன் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

வால்பாறையில் அட்டை கடித்தால் என்ன செய்வது? (பொள்ளாச்சி)

நகத்தால் மெல்லிய முனைப்பக்கம் நெம்பி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம்.

அட்டையைவிட நான் பயப்படுவது புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சிக்குத்தான். அதனால் வருவது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். புல்லில் விரிப்பு இல்லாமல் உட்காராதீர்கள், துணியைப் புதர்மேல் காயப் போடாதீர்கள். வீடு வந்ததும் தேய்த்துக் குளித்து, போட்டிருந்ததை எல்லாம் சுடுதண்ணீரில் துவையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் கறுப்புப் பொருக்கு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டுப்பக்கம் தங்கி வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிவிடும்.