ரிஜிஸ்தரில் பெயர் இல்லை, கிராஜுவிட்டி உண்டா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் 14 வருடமாகக் களத்தில் நெல் காயவைத்தேன். தினக்கூலி 450 ரூபாய், சனிக்கிழமை கையில் தருவார்கள். மொத்தம் 25 பேர் வேலை பார்க்கிறோம், பி.எஃப் ஆபீஸில் இருக்கும் 4 பேருக்குத்தான். டிரையர் மெஷின் வந்ததும் களத்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், “நீங்க மேஸ்திரி கூட்டிவந்த ஆளுங்க, ரிஜிஸ்தர்ல பேரே இல்ல, நலவாரிய அட்டை வேற வச்சிருக்கீங்க” என்கிறார் முதலாளி. எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், சகோதரி. ரிஜிஸ்தரில் பெயர் எழுத வேண்டியது முதலாளியின் வேலை. அவர் எழுதாமல் விட்டதை வைத்து உங்கள் உரிமையை மறுக்க முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி உண்டு. 1972 பணிக்கொடைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆண்டுக்கு 15 நாள் கூலி என்றால் 450 × 15 × 14, அதாவது 94,500 ரூபாய். நலவாரிய அட்டை இதற்குத் தடை இல்லை. இருபது பேருக்கு மேல் இருப்பதால் உங்களுக்கும் பி.எஃப் பிடித்திருக்க வேண்டும், அதற்கு பி.எஃப் அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுங்கள்.

சிக்கல் நிரூபிப்பதில்தான். முழு ஆண்டுப் பணியாகக் கணக்கில் வர, ஆண்டுக்கு 240 நாள் வேலை பார்த்ததைத் தொழிலாளிதான் காட்ட வேண்டும், வெறும் பிரமாண வாக்குமூலம் போதாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூலிச் சிட்டை, மூட்டைக் கணக்கு எழுதிய நோட்டு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப், களத்தில் எடுத்த போட்டோ என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கூட வேலை பார்த்தவர்களின் சாட்சியும் கணக்கில் வரும். மில்லின் வருகைப் பதிவேட்டையும் கூலிப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி மனு போடுங்கள். கொண்டுவராவிட்டால் அது மில்லுக்கு எதிராகவே போகலாம். யார் வேலை ஏவினார், கூலி யார் பணம் என்பதையும் சாட்சிகள் சொல்லட்டும். மேஸ்திரி கதை அங்கேதான் அடிபட்டுப் போகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களம் நனைந்து கிடந்த நாட்களை முதலாளி தரப்பு பிடித்துக்கொள்ளும். பயப்படாதீர்கள். உங்கள் தவறு இல்லாமல் நின்ற வேலை பணித் தொடர்ச்சியை அறுக்காது. குறுவை, சம்பா வரத்துக்கு மட்டும் ஓடும் பருவகால மில் என்று நிரூபித்தால்தான் பருவத்துக்கு 7 நாள் கூலியாகக் குறையும். வருடம் முழுக்க அரவை நடந்தால் அந்த வாதம் நிற்காது.

முதலில் முதலாளிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கேட்டு எழுதுங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. முப்பது நாளில் பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனு. தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். வேலையிலிருந்து நிறுத்தியதற்கான ஆட்குறைப்பு இழப்பீடு வேறு வழக்கு. அதை இரண்டு ஆண்டுக்குள் எழுப்பிவிடுங்கள். வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம்: பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்யுங்கள்.

இதற்கு நடுவே ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, “பாக்கி எதுவும் இல்லை” என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டாலும் பணிக்கொடை உரிமை அதனால் போய்விடாது, வாங்கிய தொகையை மனுவில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.